மாடியைத் தந்த அம்மாவுக்கும் உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர்,

'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' படத்தின் ஞாயிறு மாலைத் திரையிடல் நடந்தேறிவிட்டது என்பதை எங்களால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. திரையிடலுக்குப் பேசிவைத்திருந்த மண்டபம் ஏன் கைவிட்டுப் போனது என்பதை ஊரே அறியும் என்பதால் அதைத் திரும்ப எழுதவில்லை. புரொஜெக்டர் கொடுத்தவர், நாற்காலிகளைச் சுமந்து வந்த கல்லூரி மாணவர்கள், தெருமுனையில் நின்று வழிகாட்டிய தோழர்கள், வசன வரிகளைப் பெரியவர்களுக்குத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த ஆசிரியர் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முதன்மையாக ஓர் அம்மாவுக்கானது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் கால் ஆபரேட்டராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற அவர் எங்கள் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். செய்தி கேள்விப்பட்டதும் அவராகவே அழைத்து, மாடி சும்மாதான் கிடக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஒரே நிபந்தனை, தம் வீட்டுக்கு வருகிறவர்களின் பெயரை எவரும் நோட்டில் எழுதக் கூடாது. அவருடைய பெயரை இங்கே நாங்கள் எழுதாததும் அதனால்தான்.

'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' 2006-இல் வெளிவந்த ஜெர்மன் படம். 1984-இன் கிழக்கு பெர்லினில், ஒரு நாடகாசிரியரின் வீட்டுக்கு மேலே பரணில் அமர்ந்து ஹெட்போன் வழியாக அவர் வாழ்வைக் கேட்டுக்கொண்டிருக்கும் உளவு அதிகாரியின் கதை. படம் முடிந்ததும் அந்த அம்மா சொன்னார்: "இரண்டு பக்கமும் பேசுகிறார்களா என்று ஒரு நொடி கேட்போம். அதற்கு மேல் கேட்டால் அது வேலையில்லை." எங்களுடைய அறிமுக உரை அரைமணி நேரத்தில் சொல்ல முயன்றது அவ்வளவுதான்.

கைப்பேசிக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருள் குறித்த வல்லுநர் குழுவின் அறிக்கை, 2022 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றத்தில் திறக்கப்பட்ட வாரம் அது. ஆராயப்பட்ட 29 கைப்பேசிகளில் 5-இல் தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய இயலவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்பதெல்லாம் அன்று எல்லோர் பேச்சிலும் இருந்தது. அறிக்கையோ சீலிட்ட உறையில் வந்தது. ஆகவேதான், நாடகாசிரியர் தம்மைப் பற்றிய கோப்புகளைக் கேட்டுவாங்கிப் படிக்கும் இறுதிப் பகுதியில் மாடியில் ஒருவரும் அசையவில்லை என்று நினைக்கிறேன். முன்னாள் கிழக்கு ஜெர்மனி மக்களுக்கு 1992 முதல் அப்படிப் படிக்கும் உரிமை கிடைத்தது. (1988-இல் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியதை ஒரு பெரியவர் நினைவூட்டினார். இப்போது யாரைப் பதவி விலகச் சொல்வது என்றே தெரியவில்லை.)

இனி எங்கள் திரையிடல்களில் வருகைப் பதிவேடு இருக்காது. பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய பழைய நோட்டுகளை நேற்று கிழித்துவிட்டோம். மாடியை அடுத்த மாதமும் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். அவரையே மறுபடியும் முன்னால் நிறுத்துவது முறையாகாது என்பதால் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். இடம் தர முடிந்தவர்கள் நேரில் வந்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
திரைப்படச் சங்கத்தார்