அமைதிப் பரிசு மாலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சேர்ந்து, ஜேர்மன் புத்தக வணிகர்கள் ஆண்டுதோறும் வழங்கும் அமைதிப் பரிசைப் பற்றி ஒரு மாலை நடத்தினோம். நாற்பது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். கதிரை போதாமல் பின்னால் நின்றும் கேட்டார்கள். அன்று அவசரத்தில் வாயால் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை.

முதலில் எங்கள் ஊர்ப் புத்தகக் கடை அம்மாவுக்கு. "அந்தப் பரிசுப் பணத்தில் எங்கள் கடைக் காசும் இருக்கிறது" என்று அவர் ஒருநாள் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. பரிசுத் தொகை 25,000 யூரோ. பதிப்பகங்களும் புத்தகக் கடைகளும் கொடுக்கும் நன்கொடை அது. 1950இல், போர் முடிந்து ஐந்தே வருடத்தில், சில பதிப்பாளர்கள் கைக்காசைப் போட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பரிசு மக்ஸ் டவ் என்ற ஜேர்மன் எழுத்தாளருக்கு. யூதர் என்பதால் 1938இல் நோர்வேக்குத் தப்பிப் போனவர். எந்த நாடு அவரை ஓட வைத்ததோ அந்த நாட்டுப் புத்தகக்காரர்கள் அவரைத்தான் முதலில் அழைத்தார்கள். ஊரை விட்டு வந்தவள் நான். கடையில் நின்றபடி அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா, அந்தத் தேநீருக்கும் நன்றி.

சுவர் நிறையப் படம் ஒட்டிய பிள்ளைகளுக்கு அடுத்த நன்றி. பிராங்பேர்ட் பவுல் தேவாலயத்தைக் காட்போட்டில் கட்டினீர்களே, 1944இல் குண்டில் எரிந்ததையும் 1948இல் திரும்ப எழுப்பியதையும் எத்தனை பேருக்கு விளக்கம் சொன்னீர்கள்! 1951இலிருந்து பரிசு அங்கேதான் கொடுக்கிறார்கள். 1961இல் பரிசு வாங்கிய இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர் என்று கண்டுபிடித்த சின்னவளுக்குத் தனிப் பாராட்டு. 1989இல் பரிசு பெற்ற செக்கோஸ்லோவாக்கிய எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெலை அவருடைய அரசு பயணம் போக விடவில்லை, அவருடைய உரையை வேறொருவர் வாசித்தார், அதே டிசம்பரில் அவர் நாட்டின் தலைவரானார். இதைச் சொன்ன தம்பிக்கு விழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு நாளுக்கு முன் மண்டபம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டுவிட்டுத் திறப்பைக் கையில் தந்த பங்குத்தந்தைக்கு நன்றி. விடியற்காலையில் எழும்பி வடையும் றோல்ஸும் பொரித்த அக்காமாருக்கும் நன்றி.

இனி, அன்று வாசித்த உரையின் தமிழைத் திருத்தித் தந்த ஐயாவிடம் வருகிறேன். மாலையின் நடுவே நாங்கள் வாசித்தது சுவீடன் எழுத்தாளர் அஸ்திரிட் லிண்ட்கிரென் 1978இல் ஆற்றிய ஏற்புரை. இந்தப் பரிசு பெற்ற முதல் சிறுவர் எழுத்தாளர் அவர். உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள், பேசாமல் பரிசை மட்டும் வாங்கிக்கொள்ளக் கேட்டார்களாம். பேச விடாவிட்டால் வரவே மாட்டேன் என்றிருக்கிறார். எழுபது வயதில்! பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்பதுதான் அவர் பேச வந்தது. அடுத்த வருடமே சுவீடன், உலகில் முதல் நாடாக, வீட்டில் பிள்ளைகளை அடிப்பதையும் சட்டத்தால் தடுத்தது. ஜேர்மனிக்கு 2000ஆம் ஆண்டுவரை ஆனது.

அந்த உரையில் ஒரு தாயின் கதை வருகிறது. நீயே போய்க் கம்பு முறித்து வா என்று மகனை வெளியே அனுப்புகிறாள். அவன் நெடுநேரம் கழித்து அழுதுகொண்டு வருகிறான். கம்பு கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறியுங்கள் என்று நீட்டுகிறான். அம்மா என்னை நோகப்பண்ணத்தானே நினைக்கிறாள், அதற்குக் கல்லும் போதும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறான்.

மொழிபெயர்த்தது நான். திருத்தித் தந்தவர் ஐயா, ஊரில் பல வருடம் வாத்தியாராக இருந்தவர். கதையில் வருவது பேர்ச் மரக் கம்பு. எங்கள் ஊர்க் கிளுவந்தடி என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, அது அவர்களுடைய கதை. எங்களுக்குத் தானாகவே கிளுவந்தடி ஞாபகம் வரும்" என்றார். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லியே அடித்தேன்" என்றார். அதை அன்று மேடையிலும் தன் வாயாலேயே சொன்னார். ஐயா, பழைய மாணவர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தது தெரிந்தும் சொன்னீர்கள். உங்களுக்கு நன்றி சொல்ல நான் யார்? ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக என் மகனுக்கு. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது, வேலை முடிந்து வந்த களைப்பில், அகப்பைக் காம்பால் அடித்திருக்கிறேன். கல்லை நீட்டும் பிள்ளையின் வரிகளை யார் வாசிப்பது என்று கேட்டபோது, நான் வாசிக்கிறேன் அம்மா என்று அவன்தான் கை தூக்கினான். தடக்காமல் வாசித்தான். நன்றியடா தம்பி.

உரையின் தமிழ்ப் பிரதி இன்னும் பன்னிரண்டு என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.