நோட்டீஸில் எங்களுக்கும் ஒரு வரி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிகளுக்கும், தேவாலயப் பங்குப்பேரவைகளுக்கும், சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே,

எனக்குத் தக்கலைப் பக்கம். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடுகிறேன். கூடவே கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவற்றோடு உடுக்கையும் வில்லுப்பாட்டுக் குடமும். நாட்டார் ராக் என்று சொல்வார்கள். பதினோரு வருஷமாக இதுதான் என் தொழில். நீங்கள் இந்த வருஷ நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். உங்கள் திருவிழாவில் ஒரு ராத்திரி, ஒரு மணி நேரம், சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். அதற்கு ஒரு சம்பளம் பேசி, பேசியதைக் கொடுங்கள்.

என் அலமாரியில் 23 பொன்னாடைகள் மடித்து வைத்திருக்கிறேன். எது எந்த ஊர் மேடையில் போர்த்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்போடு போர்த்தினீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 23 மேடைகளில் சம்பளம் கிடைத்தது ஆறில்தான். மற்ற இடங்களில் எல்லாம் "நம்ம ஊர்ப் பிள்ளைதானே" என்ற ஒரே பேச்சு. கடற்கரை ஊரில் ஒரு ராத்திரி வாசித்தால் உப்புக்காற்றில் கிட்டார் கம்பி துருப்பிடித்து, ரெண்டு நாளில் விரலெல்லாம் பழுப்பாக ஒட்டும். புது செட் போடப் பணம் வேண்டும். டிரம்ஸ் ஏற்ற டெம்போ வாடகை வேண்டும். எங்களுக்குக் குடம் அடிக்கிற தம்பிக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. கச்சேரி முடிந்து அவன் வீடு சேர ராத்திரி ஒரு மணி ஆகும். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க வேண்டும். அவனிடம் போய் நம்ம ஊர்ப் பிள்ளை என்று சொல்லி எப்படி அனுப்புவது?

போன வருஷம் ஓர் ஊரில் எங்களுக்கு எட்டு மணி என்று சொல்லியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பரிசு கொடுப்பு, நன்கொடையாளர் கௌரவிப்பு, அப்புறம் சினிமாப் பாட்டு இன்னிசைக் கச்சேரி. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் விதி 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும். நேரம் போதாதென்றால் முதலில் வெட்டுப்படுவது நாங்கள்தான். ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் மைக் நின்றது. அன்றைக்கு டெம்போவில் யாரும் பேசவில்லை.

எங்கள் மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். கொடைக்குப் போய் இறங்கியதும் கதை பாடும் புலவர் நேராக டீக்கடைக்குத்தான் போவாராம். குளத்துக்கு என்ன பேர், கோயிலை எடுத்துக் கட்டியது யார், போன மழையில் உடைந்த மடை எது என்று விசாரிப்பாராம். ராத்திரி வீசுகோல் என்ற அடிகுச்சி வில்லில் விழும்போது இசக்கியம்மன் கதைக்கு நடுவே அந்த மடையும் அந்தக் குளமும் வந்துவிடும். ஊரே நிமிர்ந்து உட்காருமாம். அந்தப் புலவருக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தது உங்கள் தாத்தாமார் இருந்த கமிட்டிதான். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் பிற்பாடு வில்லைப் பட்டணத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார் என்றால், அதுவரை வில்லை உயிரோடு வைத்திருந்தது குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்த ஊர்கள். நான் கேட்பது அந்தப் பழைய வழக்கத்தைத்தான், கொஞ்சம் கிட்டார் சேர்த்து.

வேறு வழியில் சம்பாதிக்கலாமே என்று கேட்பீர்கள். பாட்டை இணையத்தில் ஏற்றியிருக்கிறேன். பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனம் ஒன்றில், 12 மாதத்தில் 1000 தடவைகூட ஒலிக்காத பாட்டுக்கு 2024 முதல் காசு கணக்கே கிடையாது. என் பாட்டில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழே. ராயல்டி? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மதச் சடங்குக்கும் கல்யாண விசேஷத்துக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. சாமி முன்னால் பாடுகிற பாட்டுக்கு ராயல்டி கேட்க எனக்கும் மனம் வராது. அப்போது எங்களுக்கு மிஞ்சுவது மேடைச் சம்பளம் ஒன்றுதான்.

சொந்தப் பாட்டுக்குக் கூட்டம் நிற்காது என்கிறீர்கள். முதல் பாட்டுக்குக் கொஞ்சம் பேர் எழுந்து போகத்தான் செய்கிறார்கள். ஆனால் தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்குமான கரையில் ஒரு திருவிழாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயல் பற்றி ஒரு பாட்டு வைத்திருக்கிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாத மீன்பிடி போட்டுகளின் பேர்கள் அதில் வரிசையாக வரும். பாடி முடித்து இறங்கினேன். ஒரு பாட்டி மேடைப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "எங்க ஆளு போன போட்டுக்க பேரு இதுல வரல்லியே மக்களே" என்றார். பேரைக் கேட்டு, அங்கேயே போனில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து எந்த ஊரில் பாடினாலும் அந்தப் பேர் மூன்றாவதாக வருகிறது. அந்தப் பேர் வேறு யார் பாட்டிலும் வராது அண்ணே. அதற்காக எந்த சினிமாவும் எடுக்கப்போவதில்லை.

இன்னிசைக் கச்சேரியை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் வாசிப்பவர்களும் எங்கள் கூட்டாளிகள்தான், பிழைக்க வேண்டியவர்கள்தான். பூசையோ திருப்பலியோ முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஏழரையிலிருந்து எட்டரை வரை போதும். பத்து மணிக் கவலையும் இருக்காது. கச்சேரிக்காரர்களுக்குக் கொடுப்பது போலவே முன்பணம் கொடுங்கள், தொகை சிறியதாக இருந்தாலும் சரி. உபயதாரர் பேர் அச்சடிக்கும் நோட்டீஸில் பாட்டு எழுதியவர் பேரும் வரட்டும். நானே வர வேண்டும் என்றுகூட இல்லை. மார்த்தாண்டத்தில், குளச்சலில், தோவாளையில் சொந்தமாக எழுதிப் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

நான்தான் வர வேண்டும் என்றால் பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். ஒரு சாயங்காலம் வந்து உங்கள் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறேன், உங்கள் ஊருக்கென்று ஒரு பாட்டோடு வருகிறேன். குடத்துக்குத் தனியாக ஒரு மைக் வேண்டும். அதை மட்டும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
தக்கலைப் பக்கத்து ஒரு பாட்டுக்காரர்