பயப்படுகிற நாளில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் கடந்த வாரம் வெளியான, கிறிஸ்தவ விசுவாசம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். துன்ப காலத்தில் கடவுளைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற அதன் அடிப்படைக் கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பயம் நுழைந்த உள்ளத்தில் விசுவாசத்துக்கு இடமில்லை என்று பொருள்பட எழுதப்பட்டிருந்ததை ஏற்க இயலவில்லை. நோயோ கடனோ வேலையிழப்போ ஒரு குடும்பத்தை உலுக்கும்போது, இத்தகைய வாக்கியம் ஏற்கெனவே இருக்கும் பயத்தின்மேல் குற்ற உணர்வையும் ஏற்றிவைத்துவிடுகிறது.

கட்டுரையாளர், பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீத நூலில், 56ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனத்திலிருந்து, ‘தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்’ என்பதை எடுத்துக்காட்டியிருந்தார். அதற்கு முந்தைய வசனம், ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்பதாகும். அது ஏனோ விடுபட்டுவிட்டது. இஸ்ரவேலரின் பகைவரான பெலிஸ்தர், சங்கீதக்காரனான தாவீதைக் காத் ஊரில் பிடித்த காலத்தைக் குறிப்பிடுகிறது அந்தச் சங்கீதத்தின் தலைப்பு. காத், பெலிஸ்தரின் மாவீரனான கோலியாத்தின் சொந்த ஊர். கோலியாத்தை வீழ்த்திய அதே தாவீது அங்கே ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்து, வாயின் நுரையைத் தாடியில் வழியவிட்டு, பைத்தியக்காரனைப்போல் நடித்துத்தான் தப்பினார் என்று 1 சாமுவேல் 21ஆம் அதிகாரம் எதையும் மறைக்காமல் சொல்கிறது. ‘நான் பயப்படேன்’ என்பதை அவர் 11ஆம் வசனத்தில் மறுபடியும் பாடுகிறார். முதல் தடவையிலேயே பயம் ஒழிந்துபோயிருந்தால், திரும்பவும் தமக்குத்தாமே அதைச் சொல்லிக்கொள்ளத் தேவை இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 21:8இல் பயப்படுகிறவர்கள் அவிசுவாசிகளோடு சேர்த்துச் சொல்லப்படவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உபத்திரவத்தின் நடுவே இருந்த சபைகளுக்கு எழுதப்பட்ட நூல் அது. உயிருக்கு அஞ்சிக் கிறிஸ்துவையே மறுதலித்துவிடும் கோழைத்தனத்தை அங்கே கண்டிப்பதாகவே நான் புரிந்துகொள்கிறேன். மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் நடுக்கத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பது வசனத்துக்கும் அநியாயம், அந்தத் தாய்க்கும் அநியாயம். புயலில் அலறிய சீஷர்களையும் இயேசு, அங்கே ‘பயப்படுகிறவர்கள்’ என்பதற்கு மூலத்தில் உள்ள அதே கிரேக்கச் சொல்லால்தான் கடிந்துகொண்டார். ஆனால் மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதியிருக்கும் வரிசைப்படி, காற்றையும் கடலையும் அமர்த்திய பிறகுதான் கடிந்துகொண்டார்.

அப்போஸ்தலனாகிய பவுலைப் பார்ப்போம். ‘நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்று பிலிப்பி சபையாருக்குக் கடிதம் எழுதியபோது அவர் காவலில் கட்டுண்டிருந்தார். அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தம் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்ததையும், அவர் பிழைத்திராவிட்டால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் நிருபத்தில், ‘புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன’ என்று தம்மைப் பற்றியே சொல்கிறார். அப்போது தேவன் அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? தரிசனத்தின் வழியாகவோ தூதன் வழியாகவோ என்று அவர் எழுதவில்லை. தீத்து வந்ததினாலே என்கிறார். ஒரு நண்பர் வந்து சேர்ந்தார், நல்ல செய்தி கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

இதை நான் வாழ்க்கையிலும் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மனைவிக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்த நாளுக்கு முந்தைய இரவு, எங்களைப் பார்க்க வந்த ஒருவர், ‘முகத்தில் பயம் தெரிகிறதே, விசுவாசம் எங்கே போயிற்று?’ என்று கேட்டுவிட்டு நீண்ட ஜெபம் செய்தார். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட இன்று நினைவில் இல்லை. கேள்வி மட்டும் மறக்கவில்லை. பிறகு வந்த வயதான ஒருவர் எதுவும் பேசாமல் விடியும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தார். அன்று என் வாயில் வந்த ஒரே ஜெபம், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் கதறியதுதான். என் மனைவி பிழைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் விசுவாசத்துக்குக் கிடைத்த பலன் அது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் எங்களைவிட உறுதியாக ஜெபித்தவர், அவர் பிழைக்கவில்லை. தானியேல் புத்தகத்தில், சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளையின் முன் நின்ற மூவரும், தேவன் விடுவிப்பார் என்றதோடு ‘விடுவிக்காமற்போனாலும்’ என்ற சொல்லையும் சேர்த்தே பேசினார்கள் என்பதை அதன்பின் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தங்கள் பகுதியை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து படிப்பவர்களும் இருப்பார்கள். அடுத்த முறை 56ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனத்தை வெளியிடும்போது, அதற்கு மேலே உள்ள 3ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்