பெருநகரப் பகுதியின் வேலையிழப்புக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்துறை மந்தநிலை பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, உற்பத்தியையும் முதலீட்டையும் விரிவாக ஆராய்ந்தது. சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் எத்தனை பேர் வேலை இழக்கிறார்கள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. இது கட்டுரையாளரின் குறையன்று. அப்படியொரு கணக்கு வெளியிடப்படுவதே இல்லை.

2019 ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதமே அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. அது செய்தியாயிற்று. ஆனால், பெரிய ஆலையில் ஒரு ஷிஃப்ட் நின்றால், அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளில் ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் கிடையாது, ‘ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்’ என்ற வாய்ச்சொல்தான். 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோதும், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றபோதும் நிரந்தரத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது, இழப்பீடு கேட்டுப் போராட முடிந்தது. பட்டறைத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு வேலைக்குக் காத்திருப்போரைக் காட்டுமே தவிர, வேலை போனவரைக் காட்டாது. ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒடிசா இளைஞரோ விழுப்புரத்துப் பெண்ணோ வேலை போனதும் ஊர் திரும்பிவிட்டால், வீடு வீடாக எடுக்கப்படும் கணக்கெடுப்பில் அந்த இழப்பு சென்னையின் இழப்பாகப் பதிவாவதில்லை.

கட்டடங்களையும் சாலைகளையும் திட்டமிடுவதற்காகச் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசாணை வந்தது. அதே எல்லைக்குள் வேலைவாய்ப்பின் ஏற்ற இறக்கத்தையும் அறிய வேண்டாமா? அமெரிக்காவில் பெருநகரப் பகுதிவாரியாகவே வேலையின்மை விவரம் மாதந்தோறும் வெளியாகிறது. இங்கும் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதிச் சந்தா யார் பெயரில் நின்றுபோயிற்று என்பது மாதாமாதம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. தனிநபர் விவரங்களை நீக்கி, ஒப்பந்தத் தொழிலாளரைத் தனியே பிரித்து, தொழிற்பேட்டை வாரியாக அந்த எண்ணிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுமாறு மாநிலத் தொழிலாளர் துறை மத்திய அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். தங்கள் இதழும் இதை வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர்