உமியையும் சாணத்தையும் விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் திருநெல்வேலி மாவட்டத்துக் காற்றாலைகளையும் சூரிய மின்தகடுகளையும் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கடைசி வரி வரைக்கும் உமி என்ற சொல் வரவில்லை, சாணம் என்ற சொல்லும் வரவில்லை. அவையும் தீராமல் கிடைக்கிற எரிபொருள்தானே. சேரன்மகாதேவி பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் 31 வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

வைகாசி கடைசியில் மேல்காற்று எழும்பிவிட்டால் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாடிகள் ராத்திரி பகலாகச் சுற்றும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் அதே காற்றாடிகள் பல நாள் அசையாமல் நிற்பதைப் பேருந்தில் போகிற யாரும் பார்க்கலாம். அப்போது வெயிலும் இருக்காது. காற்றையும் வெயிலையும் நான் குறை சொல்லவில்லை. அவற்றைக் குவித்து வைக்க முடியாது, உமியைக் குவித்து வைக்கலாம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கார் அறுப்புக்கு ஒரு தடவை, பிசான அறுப்புக்கு ஒரு தடவை ஆலைக்கு நெல் வந்து இறங்கும். ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி விழும். ஒரு கிலோ உமியில் 3,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் இருக்கிறது. வெப்பக் கணக்குப்படி நாலு கிலோ உமி ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குக் கிட்டத்தட்ட ஈடு. நான் வேலை பார்த்த காலம் முழுக்க நிலக்கரி லாரி ஒன்றுகூட எங்கள் ஆலைக்குள் வந்தது கிடையாது. நெல்லை அவித்ததும் உலர்த்தியதும் அந்த நெல்லின் உமிதான். எல்லாம் போக மிஞ்சியதைச் செங்கல் சூளைக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயுவைத்தான் உமி எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. அடுத்த போகத்தில் பயிர் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்றைக்குப் பெய்த மழையை நம் ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, சிலிண்டர் வண்டியும் வரவில்லை. பக்கத்துக் கிராமத்தில் மேட்டுத் தெருவில் இருக்கிற என் தங்கச்சி வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. தொழுவத்தை ஒட்டி அவள் மாமனார் காலத்தில் கட்டிய சாண எரிவாயுக் கலம் அது. தினம் 50 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இரண்டு கன மீட்டர் வாயு வரும், ஒரு குடும்பத்துச் சமையலுக்குப் போதும். அந்த மூன்று நாளும் தெருவில் உள்ள கைக்குழந்தைகளுக்கெல்லாம் அந்த அடுப்பில்தான் பால் காய்ந்தது. கலத்திலிருந்து வெளியே வரும் கரைசல் அவளுடைய வாழைக்கு உரம். சாணத்தை எருக்குழியில் போடுவதா, கலத்தில் ஊற்றுவதா என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

நாலைந்து மாடு இருந்தால்தான் 50 கிலோ சாணம் சேரும். இன்றைக்கு அப்படித் தொழுவம் வைத்திருக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. அதனால்தான் இதை வீட்டு வேலையாக விடாமல் ஊர் வேலையாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

ஊர் வேலை என்றதும் ஒரு ஊராட்சியில் நான் கண்ணால் பார்த்தது ஞாபகம் வருகிறது. குடிநீர் மோட்டாரை ஓட்ட விறகுவாயு இயந்திரம் ஒன்று வைத்தார்கள். விறகைக் குறைந்த காற்றில் புகைய விட்டால் எரியக்கூடிய வாயு கிடைக்கும், அதைச் சுத்தம் செய்து எஞ்சினுக்கு விடுவார்கள். திறப்பு விழா நன்றாக நடந்தது. பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஆள் போடவில்லை, விறகு உலர்த்தக் கொட்டகையும் போடவில்லை. மழைக்காலத்தில் ஈர விறகைப் போட்டார்கள். ஈர விறகு போட்டால் உலையில் சூடு இறங்கித் தார் கூடும். அது எஞ்சினுக்குள் போய் வால்வுகள் ஒட்டிக்கொண்டன. எட்டு மாதத்தில் பூட்டுப் போட்டார்கள். விறகு கிடைக்காததால் அது நிற்கவில்லை, கவனிக்க ஆளும் கொட்டகையும் இல்லாததால் நின்றது. இதே மாதிரி 9 கிலோவாட் இயந்திரத்தை வைத்துத்தான் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி குடிநீர் இறைத்துக் காட்டியது. அதே ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையும் சொந்தமாக வாங்கியது.

இன்னொன்றையும் என் அனுபவத்தில் சொல்ல வேண்டும். உமி, சாணம், விறகு மாதிரியான உயிர்ப்பொருள் எரிபொருள் என்றாலே எல்லோரும் எத்தனை மெகாவாட் மின்சாரம் என்றுதான் கேட்கிறார்கள். சின்ன அளவில் உமியை எரித்து மின்சாரம் எடுத்தால் வெப்பத்தில் கால் பங்குகூடத் தேறாது. அதே உமியை நேராக நீராவிக்குக் கொடுத்தால் நல்ல பாய்லரில் முக்கால் பங்கு வேலைக்கு வரும். வெப்பம் எங்கே வேண்டுமோ அங்கே முதலில் கொடுங்கள். சத்துணவுக் கூடங்கள், மாணவர் விடுதிகள், கல்யாண மண்டபங்கள், கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிகள் என்று நெருப்பு தேவைப்படுகிற இடங்கள் நம்மிடம் ஏராளம். சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் சோற்றையும் காய்கறித் தோலையும் சாணத்தோடு சேர்த்துக் கலத்தில் போட்டால் நன்றாகவே வாயு வரும். பாதியளவு சிலிண்டர் குறைந்தாலும் லாபம்தானே.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரு டன் உமி எரிந்தால் 200 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். பெரும்பாலும் மணல் சத்து, கண்ணில் பட்டால் அறுக்கும். ஆலைக்குப் பக்கத்து வீடுகளில் மொட்டை மாடியில் துணி காயப் போட முடியாமல் பெண்கள் பட்ட அவஸ்தை எனக்குத் தெரியும். புகைபோக்கியில் தூசி பிடிக்கிற கருவி இல்லாமல் யாருக்கும் அனுமதி தரக் கூடாது. வைக்கோலையும் தொடக் கூடாது, அது மாட்டுக்கு. மரம் வெட்டி எரிக்கவும் வேண்டாம். நாங்குநேரிப் பக்கத்துக் குளங்களில் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் அதுவே நிறைய நாளைக்கு வரும்.

அரசிடமும் ஊராட்சித் தலைவர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஒன்றியத்துக்கு ஒரு சத்துணவுக் கூடத்தையாவது இந்த வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். கலம் கட்டுகிற பணத்தோடு, கூரை போட்ட ஒரு கொட்டகைக்கும், மாதச் சம்பளத்தில் ஒரு ஆளுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். மகளிர் குழுக்களிடம் சாணம் சேர்க்கிற பொறுப்பைக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுங்கள். எங்கள் பக்கம் எந்த ஊராட்சி முன்வந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கு அடுப்பு பார்க்கவும், ஈரம் பார்த்து எரிபொருள் போடவும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் பணியாளர்,
சேரன்மகாதேவி.