கற்பனைக் காட்டுக்குத் தெய்வம் படைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மிகைபுனைவு எழுதுகிறவர்கள், சித்திரக்கதை வரைகிறவர்கள், கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கதைகளில் அடிக்கடி ஒரு காடு வருகிறது, இல்லாவிட்டால் வறண்ட பொட்டல் வருகிறது. அங்கே இரண்டு மூன்று குடிகள். ஒரு குடிக்கு ஓநாய்த் தெய்வம், இன்னொன்றுக்கு நெருப்புத் தெய்வம். எதற்கென்றே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை, முகத்தில் கரி, வாயைத் திறந்தால் உறுமல் அல்லது அரைகுறைத் தமிழ். அப்புறம் நகரத்திலிருந்து ஓர் இளவரசன் வந்து அவர்களை ஒன்றுசேர்த்து நாகரிகம் சொல்லிக் கொடுப்பான்.

மோதிக்கொள்ளும் குடிகள், போட்டித் தெய்வங்கள் என்றால் எனக்கு உயிர். கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன், விளையாடுகிறேன். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அந்தக் குடிகளுக்குச் சண்டை போட ஒரு காரணம் கொடுங்கள். அந்தத் தெய்வம் தெய்வமாவதற்கு முன்னால் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தது என்று சொல்லுங்கள்.

இதற்கு நாம் எங்கேயும் கடன் வாங்கப் போக வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடும் மாட்டை மீட்கப் போனவர்களோடும் சண்டையிட்டுச் செத்தவர்களின் கற்கள். பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். இதில் என்னை உலுக்கிய விஷயம் இதுதான்: தொறு மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு, தொறு கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டவன் என்றால் சண்டையில் செத்தவன். ஓர் ஊருக்குக் கொள்ளைக்காரன், பக்கத்து ஊருக்குக் காவல் தெய்வம். ஒரே இரவில், ஒரே மந்தைக்காக, எதிரெதிரே நின்று செத்த இரண்டு பேர் இரண்டு ஊர்களில் தெய்வமாகி நிற்கலாம். போட்டித் தெய்வங்கள் என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிட வலுவான விதை எங்கே கிடைக்கும்?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. மாட்டைக் கவர்ந்து வருவதற்குத் தொல்காப்பியம் சொல்லும் அதே சொல். செங்கம் பகுதியில் எடத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் விழுந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் எழுதிய அந்த மனிதர்களைத்தான் நீங்கள் உறுமவிடுகிறீர்கள்.

புறநானூற்று 264ஆம் பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பரல் கிடக்கும் மேட்டில் கற்குவியல் சேர்த்து, மரல் நாரைக் கிழித்துத் தொடுத்த சிவப்புப் பூக்கண்ணி வைத்து, மயில்பீலி சூட்டி, பெயர் பொறித்து இப்போதுதான் கல்லை நட்டிருக்கிறார்கள். கன்றோடு பசுக்களையும் கொண்டுவந்து பகைவரை விரட்டியவன் அவன். அவன் செத்தது தெரியாமல் அவனிடம் பரிசில் வாங்கப் பாணர் கூட்டம் இன்றும் வருமோ என்று கேட்கிறார் புலவர். ஒரு மனிதன் தெய்வமாகும் அந்த முதல் நாளில் அவனை நம்பியிருந்தவர்களின் வயிற்றுக்கு என்ன வழி என்ற கவலை. கற்பனை உலகம் படைப்பவருக்கு இதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. சரி, பூசை? அதுவும் இருக்கிறது. அகநானூறு 35இல் துடிப் பறை முழக்கி, தோப்பிக் கள்ளும் செம்மறிப் பலியும் நடுகல்லுக்குக் கொடுக்கிறார்கள். கல்லைப் பரவுவது தவிர நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்கிறார் மாங்குடி கிழார், புறம் 335இல்.

சண்டைக்குக் காரணம் வேண்டும் என்றேன். நிலமே காரணமாக இருக்கலாம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை ஆகும் என்கிறது சிலப்பதிகாரம். பச்சையாக இருந்த இடம் காய்கிறது, மேய்ச்சல் போகிறது, வேட்டை போகிறது, அப்புறம் வழிப்பறியும் மாடு பிடித்தலும். அங்கே யாரும் பிறவிக் கொடியவர்கள் இல்லை, மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். உங்கள் வரைபடத்தில் காட்டுக்கு ஒரு நிறம், பாலைவனத்துக்கு ஒரு நிறம் என்று நிரந்தரமாகத் தீட்டாமல் அதை மாற விடுங்கள், குடிகளின் குணமும் கூடவே மாறும்.

அதே நூலின் வேட்டுவ வரியில் எயினர் என்ற வேட்டுவக் குடியின் சாமியாடிப் பெண் சாலினிக்குச் சாமி வருகிறது. மயிர் சிலிர்த்து, கை உயர்த்தி, முற்றத்தில் ஆடுகிறாள். எதிரிகளின் ஊரில் ஆநிரை பெருகிவிட்டது, நம் மன்று பாழாகிக் கிடக்கிறது, வில் எடுக்கும் எயினர் அறக்குடிக்காரர்கள்போல் அடங்கிப் போனார்கள், போர்த்தெய்வம் கொற்றவைக்குக் கடன் செலுத்தாமல் வெற்றி வராது என்கிறாள். தெய்வம் இங்கே குடியைப் பார்த்துக் கோபப்படுகிறது, கணக்குக் கேட்கிறது. அப்புறம் ஒரு சிறுமியைக் கொற்றவையாக அலங்கரிக்கிறார்கள்: சடையில் பன்றிக் கொம்பைப் பிறையாகச் செருகி, புலிப்பல்லைத் தாலியாகக் கோத்து, புலித்தோல் உடுத்தி, கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். மண்டையோட்டு மாலையைவிட இது எவ்வளவு பயங்கரமாகவும் அழகாகவும் இருக்கிறது என்று வரைகிறவர்கள் யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கும் பின்னால் வருகிறது. கள் விற்கிறவள் கள் கொடுக்க மறுத்துவிடுகிறாள், பொறுக்க முடியாத மறவன் வில்லை எடுத்துக்கொண்டு எதிரி ஆநிரையை நோக்கிக் கிளம்புகிறான். பிடித்து வந்த மாடுகள் யார் வீட்டு வாசலில் நிற்கின்றன? கொல்லன், துடியன், பாணன் வாசலில். கள் விற்றவள் வாசலில், வேவு பார்த்தவன் வாசலில், நிமித்தம் சொன்ன கணி வாசலில். ஒரு குடியின் முழுப் பொருளாதாரமும் அந்தச் சில வரிகளில் நடமாடுகிறது. உங்கள் குடிகளில் போர்வீரனும் பூசாரியும் மட்டும்தான் இருக்கிறார்கள், கொல்லன் எங்கே?

விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எத்தனை தலை விழுந்தது என்று எண்ணும் ஆட்டம் ஆயிரம் இருக்கிறது. தொல்காப்பியர் வெட்சிக்கு, அதாவது மாடு கவரும் போருக்கு, சொல்லும் பதினான்கு துறைகளை எடுத்துப் பாருங்கள், ஒரு ஆட்டத்தின் கட்டங்கள் அப்படியே வரிசையாக இருக்கும். படை கிளம்பும் அரவம், பாக்கத்தில் விரிச்சி கேட்பது (யாரோ தற்செயலாகச் சொல்லும் சொல்லை நிமித்தமாகக் கேட்பது), ஒற்று, ஊரை வளைப்பது, ஆகோள், துரத்தி வருகிறவர்களைத் தடுப்பது, மாட்டுக்கு நோகாமல் ஓட்டி வருவது, பங்கிடுவது, உண்டாட்டு, கொடை. நடுவில் ஊர்கொலையும் இருக்கிறது, அதை மறைக்கச் சொல்லவில்லை, அந்தக் கொடுமையும் ஆடுகிறவர் கையில் இருக்கட்டும். ஆனால் நோயின்று உய்த்தல் என்று ஒரு துறையை வைத்திருக்கிறார்களே! இருட்டில், எதிரி பின்னால் வரும்போது, கன்றுத்தாய்ச்சிப் பசுவை அடிக்காமல் ஓட்டி வந்தால்தான் வெற்றி என்று ஒரு கட்டம் வையுங்கள். விரிச்சியையும் விடாதீர்கள். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நிற்கும்போது, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், குளிரில் நடுங்கும் ஆயர்மகள் ஒருத்தி "உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்" என்று சொல்வது காதில் விழுகிறது. அதுதான் நற்சொல். தெய்வம் இடி முழக்கத்தில் பேசவில்லை, யாரோ யாரிடமோ சொன்ன ஆறுதலில் பேசுகிறது.

வெளியே நல்ல முன்மாதிரி இல்லை என்று சொல்லமாட்டேன். குளோரந்தா என்ற அமெரிக்கக் கற்பனை உலகில் பிராக்ஸ் என்ற வறண்ட நிலம் இருக்கிறது, 1977இல் அதன் நாடோடிக் குடிகளின் போர் பலகை விளையாட்டாகவே வந்தது. பைசன் ஏறும் குடி, காண்டாமிருகம் ஏறும் குடி, லாமா ஏறும் குடி என்று மந்தைக்கும் மேய்ச்சலுக்கும் மோதுகிறார்கள். உணவில்லாத காலத்தில் மனிதனும் விலங்கும் யார் யாரைத் தின்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டதாக அங்கே ஒரு கதை. ஒரு குடியில் மட்டும் விலங்கு ஜெயித்துவிட்டது, அவை மனித உருவ மந்தையை மேய்க்கின்றன. அந்தப் பொட்டல் என் மனதில் நிற்பதற்குக் காரணம் பசி. அங்கே தெய்வமும் சட்டமும் பகையும் பசியிலிருந்து பிறக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இருளர், தோடர், காணிக்காரர் என்று இன்று உயிரோடு வாழும் மக்களின் பெயர், உடை, பச்சைகுத்தல் எதையும் உங்கள் கொடூரக் குடிக்கு எடுத்துப் போடாதீர்கள். பெயரை ஒன்றிரண்டு எழுத்து மாற்றி வைப்பதும் அதேதான், பள்ளிக்கூடத்தில் அந்த மக்களின் குழந்தையைக் கூப்பிட அடுத்த நாளே அந்தப் பெயர் பயன்படும். குடிக்குப் பெயர் வேண்டுமென்றால் நீங்களே உருவாக்குங்கள். அடுத்த பாகத்தில் அந்த ஓநாய்த் தெய்வத்தை மறுபடி கொண்டுவருவதாக இருந்தால், எதிர் ஊரிலும் ஒரு கல் நடுங்கள். அதில் பெயரும் ஊரும், எந்த மந்தைக்காகப் பட்டான் என்பதும் முழு வாக்கியத்தில், நல்ல தமிழில் இருக்கட்டும்.