காஸ் குழாய்க்கு எந்த ரொட் போட்டார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு சமையல் காஸ் பாதுகாப்பு பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில் ரெகுலேட்டர், ஹோஸ், வால்வு எல்லாம் வந்தன. குழாயின் வெல்டிங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் 31 வருடம் வெல்டிங் வேலை செய்தவன்; அதில் 6 வருடம் கட்டாரில் எரிவாயுக் குழாய் வேலை.

இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவர் தன் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். பின்பக்கம் நாலு பெரிய சிலிண்டர். அங்கிருந்து அடுப்பு வரைக்கும் புது மஞ்சள் பெயின்டில் இரும்புக் குழாய். காஸ் மணக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். மூன்றாவது வளைவில், வெல்டின் ஓரத்தில், கடுகளவு குமிழி ஒன்று ஊதி உடைந்தது. பிறகு இன்னொன்று. பெயின்டைச் சுரண்டினால் ஊசி குத்தியது போலத் துளைகள். நாகம் (சிங்க்) பூசிய இரும்புக் குழாய். பூச்சைத் தேய்த்து எடுக்காமலே வெல்ட் பண்ணியிருக்கிறார்கள். நாகம் 907 பாகை செல்சியஸில் ஆவியாகும், இரும்பு உருக 1,500 வேண்டும். ஆவி உருகிய இரும்புக்குள் அகப்பட்டால் துளைதான். காஸ் இருக்கும்போதே மேலே ஒரு வெல்டிங் ஓட்டு ஓட்டிவிடலாம் என்றானாம் வேலை செய்த பெடியன்!

போட்ட ரொட், அதாவது உருகி மூட்டை நிரப்பும் பூச்சுள்ள வெல்டிங் கம்பி, 6013 ரகம். பழைய சோனகத் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கேற்றுக்கும் கிரில்லுக்கும் அருமையான சாமான். ஆனால் ஆழமாகப் போகாது. கட்டாரில் அடி ஓட்டுக்கு, அதாவது மூட்டின் அடியில் போகும் முதல் வெல்டுக்கு, 6010 ரொட்; அதன் மேல் 7018. இந்த 6010 இங்கே பலரிடம் உள்ள சின்ன இன்வேட்டர் வெல்டிங் மெஷினில் அணைந்து அணைந்து போகும். 7018ஐ 300 பாகைக்கு மேல் ஓவனில் சுட்டு எடுக்க வேண்டும். 6010ஐச் சுடவே கூடாது, அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். இரண்டையும் ஒரே ஓவனில் வைத்து ஃபோர்மனிடம் நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு அங்குலக் குழாய்க்கு என்னைக் கேட்டால் ஆர்கன் வாயுவால் மூடிச் செய்யும் ஆர்கன் வெல்டிங்தான், 70எஸ்-6 என்ற பூச்சில்லாத நிரப்புக் கம்பியோடு. கசடு கிடையாது. ரொட்டில் செய்தால் உள்ளே விழும் கசடு காஸோடு போய் பர்னர் ஜெட்டில் குந்திக்கொள்ளும்.

செப்புக் குழாய் என்றால் ஈயப் பற்றாசு வேண்டாம். 250 பாகைக்குள்ளேயே உருகிவிடும். ஏசி வேலைக்காரர் வைத்திருக்கும் வெள்ளி கலந்த செப்பு-பொசுபரசு ரொட் சரி. அதை இரும்பில் மட்டும் போடாதீர்கள், மூட்டு நொறுங்கிப்போகும்.

அப்புறம் சிலிண்டர். கால் வளையம் கழன்றால் "ஒரு பொட்டு வைத்துவிடுங்கோ அண்ணே" என்று கொண்டுவருகிறார்கள். தொட மாட்டேன். காலியான சிலிண்டருக்குள்ளும் காஸ் இருக்கும். தொழிற்சாலையில் அதை வெல்ட் பண்ணியபின் உலையில் சூடாக்கி, ஒவ்வொன்றையும் தண்ணீர் அழுத்தத்தில் பரீட்சித்துத்தான் வெளியே விடுகிறார்கள். அதையெல்லாம் தெருவோரத்தில் யார் செய்வது? ஏஜன்ட்டிடம் கொடுத்து மாற்றுங்கள்.

அந்தக் கடையில் காஸை மூடி, குழாயை வெறுமையாக்கி, நைதரசன் ஓட்டியபின் எல்லா வளைவையும் வெட்டி எறிந்து, நாகம் பூசாத கறுப்பு இரும்புக் குழாயில் ஆர்கனில் புதிதாகச் செய்தோம். முதலாளிக்கு ஒன்றரை நாள் வியாபாரம் போனது. கசிவு இருந்தால் தெரியட்டும் என்று, பெயின்டை மட்டும் ஒரு கிழமை கழித்து அடிக்கச் சொன்னேன்.

ஓய்வுபெற்ற வெல்டர்,
கொழும்பு 13